ஒரு மடலின் பயணம்

சிந்தனைக்கு நாட்டெல்லை இல்லை என்பர். ஒரு நாட்டில் பிறந்த மெய்ப்பொருட் கருத்து மற்றொரு நாட்டில் அறநெறியாக வளர்வதும், வேறொரு நாட்டில் அரசியல் ஆற்றலாக வெளிப்படுவதும் வரலாறு கண்ட உண்மைகள். எனினும், கருத்து தானாக நடந்து செல்வதில்லை. அதைச் சுமந்து செல்ல ஒருவர் வேண்டும். அதன்படி வாழ்ந்து பார்க்கும் துணிவும் அவருக்கு வேண்டும். இரசியப் பேரறிஞர் லியோ டால்ஸ்டாய் 1908ஆம் ஆண்டில் எழுதிய நெடுமடலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வங்காளத்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்துவந்த தாரக்நாத் தாஸ் என்னும் இளைஞர் 'ஃபிரீ இந்துஸ்தான்' என்ற ஏட்டை நடத்தி வந்தார். தாய்நாட்டின் அடிமைத்தளையை அறுத்தெறிய வேண்டும் என்னும் வேட்கை அவர் நெஞ்சில் கனன்றது. அதற்கு ஆயுதப் புரட்சியே வழி என்று அவர் நம்பினார். உலகப் புகழ் பெற்றிருந்த டால்ஸ்டாயின் ஆதரவைப் பெற விரும்பி, 1908 மே மாதத்தில் அவருக்கு மடல் விடுத்தார். டால்ஸ்டாய்க்கு அப்பொழுது ஏறத்தாழ எண்பது வயது. சில வரிகளில் மறுமொழி எழுதி அவர் அமைந்திருக்கலாம். ஆனால் அவரோ மாதக்கணக்கில் எழுதியும் திருத்தியும், டிசம்பர் 14ஆம் நாள்தான் மறுமொழியை நிறைவு செய்தார். 'ஓர் இந்துவுக்கு மடல்' என்று அது பெயர் பெற்றது.

வணிகம் செய்ய வந்த ஒரு கும்பினி, இருபது கோடி மக்களை அடிமை கொண்டது எவ்வாறு? இதுவே அம்மடலின் நடுநாயகமான வினா. எண்ணிக்கையில் மிகச் சிலரான ஆங்கிலேயர் தம் வலிமையால் மட்டும் இதைச் சாதித்திருக்க இயலாது என்றார் டால்ஸ்டாய். அடிமைப்பட்டவர்கள் தாமும் வன்முறையையே வாழ்வின் சட்டமாக ஏற்றுக்கொண்டதும், ஆள்வோருக்குத் துணை நின்றதுமே அடிமைத்தனத்தின் வேர் என்பது அவர் முடிபு. படையிலும் நீதிமன்றத்திலும் வரி தண்டுவதிலும் ஒத்துழைக்க மறுத்தால், எவராலும் அவர்களை அடிமைப்படுத்த முடியாது என்று அவர் எழுதினார். அன்பே மனித வாழ்வின் சட்டம் என்பதை எல்லாச் சமயங்களும் கூறியிருக்க, மக்கள் அதை மறந்தது ஏன் என்றும் வினவினார்.

இக்கருத்துக்கு அரண் சேர்க்க அவர் எடுத்தாண்ட நூல்களுள் ஒன்று திருக்குறள் என்பது தமிழர் அனைவரும் அறியத்தக்கது. 'இன்னா செய்யாமை' அதிகாரத்தின் ஆறு குறட்பாக்களின் கருத்து அம்மடலில் இடம்பெற்றுள்ளது. தமிழறியாத இரசியர் ஒருவர், வங்காளி ஒருவருக்கு வள்ளுவத்தை எடுத்துரைத்தார்!

எனினும், மடலைப் பெற்றவர் அதன் அறிவுரையை ஏற்றாரில்லை. தாரக்நாத் தாஸ் தாம் தேர்ந்த புரட்சிப் பாதையிலேயே தொடர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியப் புரட்சியாளர்கள் மீது சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வழக்கில் தண்டனை பெற்று, சிறையும் சென்றார். அவருடைய நாட்டுப்பற்றையோ தியாகத்தையோ எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும், அம்மடல் அவர் வாழ்வின் திசையை மாற்றவில்லை.

அதை மாற்றாக ஏற்றவர் மடல் எழுதப்பெறாத வேறொருவர். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்க 1909இல் இலண்டன் சென்றிருந்த காந்தியடிகளிடம் நண்பர் ஒருவர் அம்மடலின் படியைக் கொடுத்தார். அக்டோபர் முதல் நாள் அடிகள் டால்ஸ்டாய்க்கு எழுதினார். அம்மடல் அவர் எழுதியதுதானா என்று கேட்டு, 20,000 படிகள் அச்சிட்டுப் பரப்ப இசைவும் வேண்டினார். நவம்பர் மாதம் கப்பலில் திரும்புகையில் அதைக் குசராத்தியில் பெயர்த்தார். 'இந்திய சுயராச்சியம்' என்னும் தம் நூலை எழுதியதும் அப்பயணத்திலேதான்.

அடிகள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் ஏற்றவர் அல்லர். மறுபிறவி நம்பிக்கையைக் குறித்து மடலில் இருந்த சொல்லை நீக்கலாமா என்று அவர் கேட்டார்; அந்நம்பிக்கை கோடிக்கணக்கான மக்களுக்கு ஆறுதல் தருவது என்பதைச் சுட்டினார். தாமாக நீக்க விரும்பவில்லை என்றும், அடிகள் விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம் என்றும் டால்ஸ்டாய் விடையிறுத்தார். ஆன்மா அழியாதது என்பதிலும் இறைவனின் நீதியிலும் உள்ள உறுதி, மறுபிறவி நம்பிக்கையில் இருக்க முடியாது என்பது அவர் கருத்து. சமயக் கருத்தில் வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் மதித்து நடந்த பாங்கு இது. கருத்து வேற்றுமை பகையாக மாறும் இடங்களில் எல்லாம் இச்சிறு நிகழ்ச்சி நினைக்கத்தக்கது.

படித்த கருத்தை வாழ்ந்து பார்க்க 1910இல் வாய்ப்புக் கிட்டியது. கட்டடக் கலைஞர் காலன்பாக், ஜொகானஸ்பர்க் நகருக்கு அண்மையில் தமக்குரிய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகக் குடும்பங்களுக்கு வழங்கினார். அதற்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்று பெயரிட்டனர். இந்துக்களும் இசுலாமியரும் பார்சியரும் கிறித்தவரும் அங்கு ஒன்றாக வாழ்ந்தனர். தமிழரும் குசராத்தியரும் தெலுங்கரும் ஒரே சமையலறையில் உண்டனர். நிலத்தைக் கொத்தினர்; செருப்புத் தைக்கக் கற்றனர்.

பண்ணைப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பை அடிகளே ஏற்றார். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்தை அறியாதவர்கள். அடிகளோ கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு கற்ற சிறிதளவே அறிந்தவர். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் தம்மை எளிதில் வென்றுவிடுவர் என்பதை அவர் மறைக்கவில்லை. அறியாததை அறியாதது என ஒப்புக்கொண்டே, அறிந்த எழுத்தையும் எளிய இலக்கணத்தையும் கற்பித்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே போப்பையரின் கையேடு அங்குத் தமிழ்ப் பாடமாக அமைந்தது.

டால்ஸ்டாய் 1910 செப்டம்பரில் அடிகளுக்கு இறுதியாக ஒரு மடல் வரைந்தார். உலகின் நடுவிடத்திலிருந்து தொலைவில் நடப்பதாகத் தோன்றினும், டிரான்ஸ்வாலில் நடைபெறும் பணியே மிக இன்றியமையாதது என்று அதில் பாராட்டினார். நவம்பர் 20ஆம் நாள் அசுதாப்போவோ என்னும் சிறிய புகைவண்டி நிலையத்தில் அவர் உயிர் நீத்தார். இருவரும் ஒருமுறையேனும் நேரிற் கண்டதில்லை.

குறளின் அறம் இரசிய மடலில் ஏறி, அமெரிக்கா சென்று, இலண்டன் வழியாகத் தென்னாப்பிரிக்காவை அடைந்தது. பலர் கைகளில் பட்ட அம்மடல், அதன்படி வாழத் துணிந்தவரிடமே வேரூன்றியது. குறளை மனப்பாடம் செய்யும் மாணவரும் அதற்குப் பொருள் கூறும் ஆசிரியரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். இன்னா செய்யாமை ஏட்டிலே எழுதியுள்ள அறம் மட்டுமன்று. நாள்தோறும் பழகித் தேற வேண்டிய பாடமுமாகும்.