பக்கத்துக் கூடாரத்து அக்கா



சிங்களம் பேசும் குரல் கேட்டாலே என் நெஞ்சு படபடத்த காலம் ஒன்று இருந்தது. 2007 இல் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்து, ஊர் ஊராக ஓடி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என் கணவரைத் தவறவிட்டேன். பின்பு மகளோடு செட்டிகுளம் முகாமில் இருந்தேன். 2010 இல் ஊருக்குத் திரும்பியும் பயம் போகவில்லை. பஸ்ஸில் ஒரு சிங்களப் பெண் பக்கத்தில் வந்து இருந்தால் எழும்பி நின்றுவிடுவேன்.

2011 ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போனோம். யுத்த நேரத்தில், 2008 சித்திரையில், மாதாவின் திருச்சொரூபத்தையே குருமார் பாதுகாப்புக்காக வேறிடம் கொண்டுபோக வேண்டி வந்தது. எங்களைப் போல இடம்பெயர்ந்து திரும்பிய தாய் என்ற உரிமையோடு நேர்த்தி வைத்திருந்தேன்.

மரத்தின் கீழ் தறப்பாள் கட்டினோம். பக்கத்துக் கூடாரத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். நான் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

இரவு மகளுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. என்னிடம் ஒரு பனடோல்கூட இல்லை. அப்போது பக்கத்துக் கூடாரத்து அம்மா ஒரு கோப்பையோடு வந்தார். "கொத்தமல்லி" என்றார். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்று அன்றுதான் அறிந்தேன். ஆனாலும் வாங்க என் கை நீளவில்லை. அவர் கோபிக்கவில்லை. தான் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு மறுபடியும் நீட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விடியும்வரை என்னோடு இருந்து மகளின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டார்.

காலையில் அவர் ஒரு படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றினார். இராணுவ உடுப்பில் ஒரு இளைஞன். என் உடம்பு குளிர்ந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடவே நினைத்தேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "என் மகன், நங்கி. 2009. திரும்பி வரவில்லை" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. என் கணவரைப் பற்றி நானும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தபடி இன்னொரு மெழுகுதிரி ஏற்றினார். அது என் கணவருக்காக.

நல்ல சமாரியன் உவமையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். நான்தான் சமாரியனாக நடந்து பிறருக்கு உதவ வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று நான் வழியில் அடிபட்டுக் கிடந்தவள். யூதர் ஒதுக்கிய சமாரியனையே இயேசு உதவ வருபவனாகக் காட்டினார். நான் ஒதுக்கியவரே என்னிடம் வந்தார். கொடுப்பது மட்டுமல்ல, பயந்தவரின் கையிலிருந்து வாங்குவதும் அன்புதான் என்று விளங்கியது.

என் கணவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் கைவிடவும் இல்லை. நட்பு நீதிக்கு ஈடாகாது. ஆனால் ஒரு இனம் முழுவதையும் பார்த்து நடுங்கும் பாரம் இறங்கிவிட்டது. அக்காவும் நானும் ஆவணிதோறும் மடுவில் சந்திக்கத் தொடங்கினோம். மகள் அவரை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

சகோதரிகளே, பயம் ஒரே நாளில் போகாது. ஒரு கோப்பைத் தண்ணீரை வாங்குமளவுக்குக் கையை நீட்டிப் பாருங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.