மூச்சை விட்டு நிறுத்துங்க

உடல் பற்றி நம் தோழர்கள் நிறைய எழுதுகிறார்கள். உடலின் அரசியல், உடலின் மேல் அதிகாரம் என்றெல்லாம். படிக்கிறேன், பாதி புரியும். நான் முப்பது வருசம் அரசு ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்தவன். உடம்பைத் திருப்பி, சரித்து, கையைத் தூக்கச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி வயிறு வளர்த்தவன். எனக்குத் தெரிந்த உடம்பு பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருசப் பயிற்சி. மிஷினைப் போடாமலே பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் நிற்க வைத்துப் பழகணும். நெஞ்சுப் படம் என்றால் நெஞ்சு கேசட்டில் ஒட்டணும், தாடை மேலே, புறங்கை ரெண்டும் இடுப்பில், முழங்கை முன்னால் வரணும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு விலகி நெஞ்சுக்கூடு திறக்கும். இதை வாயால் சொன்னால் எந்த மனுசனுக்கும் வராது. தோளைப் பிடித்துத் தள்ளித்தான் ஆகணும். என் முறை வந்தபோது என்னைத் திருப்ப வேண்டியவன் ரெண்டடி தள்ளியே நின்றான். "தோள முன்னால தள்ளுடா... இன்னும்... இன்னும்டா..." மற்றவர்களை எல்லாம் கையால் பிடித்துத் திருப்பியவன்தான். வாத்தியார் பார்த்துவிட்டு, "தொட்டுப் பண்ணுய்யா, இது என்ன ரேடியோவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ரெண்டு விரல் நுனியால் தொட்டான். அந்த ரெண்டு விரலை இன்னும் மறக்கவில்லை.

வேலைக்கு வந்த பிறகு கதை தலைகீழ். இப்போது நான் தொடணும், அவர்கள் தொட விடணும். வெள்ளைக் கோட்டு கொஞ்ச தூரம் காப்பாற்றும். அப்புறம் "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "அதுல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் முதுகு விறைத்துக்கொள்ளும். பெண்கள், "நர்சம்மாவக் கூப்பிடுங்க" என்றால் அது நியாயம், கூப்பிட்டிருக்கிறேன். எண்பது வயசு அப்பாவைக் கொண்டு வந்துவிட்டு, "நீ ஒதுங்கி நின்னு சொல்லு, நாங்களே திருப்பிக்கிறோம்" என்ற மகன்களும் உண்டு. அவர்கள் திருப்பியதில் படம் ஆடிப்போய், மறுபடி எடுத்து, அந்தக் கிழவர் ரெண்டு தடவை கதிர் வாங்கியதுதான் மிச்சம்.

இனி விலாவுக்கு வருகிறேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு எலும்பு. அது நேர்ப்பலகை இல்லை, வளையம். முதுகில் தொடங்கி அக்குளுக்குக் கீழே வளைந்து முன்னால் வருகிறது. நேராக நிறுத்தி எடுத்தால் அந்தப் பக்க வளைவு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கட்டையால் அடிப்பவன் அடிப்பதும், கீழே விழுந்தவனை உதைப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். மேல் விலா எலும்புகளுக்கு நிற்க வைத்து மூச்சை முழுக்க இழுக்கச் சொல்லணும், உதரவிதானம் கீழே இறங்கும். கீழ் எலும்புகளுக்கு நேர் எதிர். படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லணும், உதரவிதானம் மேலே ஏறும். கதிரும் கூடுதலாக வைக்கணும், ஏனென்றால் பின்னால் ஈரலும் மண்ணீரலும் வயிறும் வெள்ளையாக மறைக்கும். பக்க வளைவுக்கு உடம்பை நாற்பத்தைந்து டிகிரி சரிக்கணும். எந்த இடம் வலி என்று ஒரே விரலால் காட்டச் சொல்லி, அங்கே சின்ன ஈயக் குண்டை ஒட்டுவோம். இத்தனையும் செய்தும் மயிரிழை முறிவு தெரியாமல் போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து எலும்பு கூடத் தொடங்கும்போதுதான் சிலது காட்டிக்கொடுக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தச் சரிவில்தான் சட்டம் நிற்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 320இல் கொடுங்காயம் எது என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஏழாவது, எலும்பு முறிவு. எலும்பு முறிந்தால் 325, ஏழு வருசம் வரை. முறியாவிட்டால் 323, ஒரு வருசம் வரை, இல்லையென்றால் ஆயிரம் ரூபாய்க்குள் அபராதம் என்று இருந்தது. 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பெயரும் எண்களும் மாறிவிட்டன, பழைய 320 இப்போது 116. எலும்பு ஏழாவது இடத்திலேயே இருக்கிறது. அவமானத்தை எந்தப் படத்திலும் எடுக்க முடியாது. எலும்பை எடுக்கலாம், ஆளைச் சரியாகப் படுக்க வைத்தால்.

தொண்ணூறுகளின் கடைசி. கரும்பு வெட்டின கூலி பாக்கியைக் கேட்கப் போன ஒருவரை ஊர்த்தெருவில் வைத்து அடித்துவிட்டார்கள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். போலீஸ் மெமோவோடு வந்தார். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே ஏ.ஆர். புத்தகத்தில் எழுதி, சீட்டில் 'நெஞ்சு, நேர்ப்படம்' என்று மட்டும் போட்டு அனுப்பினார். எடுத்தேன். நிற்க வைத்து, மூச்சை இழுக்க வைத்து, நுரையீரலுக்கான கதிர். கழுவிப் பார்த்தால் ஒன்றுமில்லை. உதரவிதானத்துக்குக் கீழே ஒரே வெள்ளை. கான்ஸ்டபிள், "ஒண்ணுமில்லல்ல சார்? சாதாரணக் காயம்தான?" என்று கிளம்பத் தயாரானார்.

அவர் இடது பக்கத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டே நின்றார். பேசினால் வலி, பேசாவிட்டாலும் வலி.

"எங்க வலிக்குது, ஒரு விரலால காட்டுங்க."

"இங்கதாங்க சாமி."

"சாமின்னு கூப்புடாதீங்க. நானும் காலனிக்காரன்தான்."

அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். அதற்கப்புறம்தான் உடம்பை என் கையில் விட்டார். மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வலது தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை செருகி, உடம்பை இடது பக்கம் சரித்தேன். முழங்காலை மடக்கி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். தூக்கும்போது "அய்யோ" என்றார். "கொஞ்சம் பொறுத்துக்குங்கய்யா. மூச்ச வெளிய விடுங்க... விட்டு நிறுத்துங்க." இருட்டறையில் ஹேங்கரைத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பார்த்தேன். கீழிருந்து எண்ணினால் பத்தாவதும் ஒன்பதாவதும். ரெண்டிலும் கோடு, ஒன்றில் முனை விலகியே இருந்தது.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் கொடுங்காயம் என்று எழுதினார். என்ன, அவர் கை மட்டும் அந்த விலாவில் கடைசிவரை படவில்லை. மறுநாள் மேலே இருந்தவர் பிலிம் கணக்கைப் பார்த்து, "உங்க ஆளுன்னா ரெண்டு பிலிமா?" என்றார்.

எஃப்.ஐ.ஆரிலேயே வன்கொடுமைச் சட்டத்தை விட்டுவிட்டார்கள். 325 மட்டும் நின்றது. அஞ்சு வருசம் கழித்து கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்:

"நீங்க டாக்டரா?"

"இல்லை."

"டாக்டர் எழுதாத படத்தை எதுக்கு எடுத்தீங்க?"

"வலிக்கிற இடம் அந்தப் படத்துலதான் தெரியும்."

"காயம்பட்டவரும் நீங்களும் ஒரே சாதிதான?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஆனால் கேட்டது கேட்டதுதான். அடுத்த கேள்வி, படம் எங்கே? கோப்பில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் இல்லை. பழைய பிலிமில் வெள்ளி எடுப்பார்கள், கிலோக் கணக்கில் விலை போகும். அப்படிப் போயிற்றா, யாராவது எடுத்துப் போனார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. படம் இல்லாமல் முறிவு நிரூபணம் ஆகவில்லை என்றார்கள். 323இல் அபராதம் கட்டிவிட்டு, கோர்ட் வாசலிலேயே பொரோட்டா வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

இப்போதெல்லாம் பிலிமும் இல்லை, இருட்டறையும் இல்லை. படம் நேரே கம்ப்யூட்டரில் விழுகிறது, காணாமல் போவது கொஞ்சம் கஷ்டம். ஆனால் சீட்டில் எழுதுவது பல இடங்களில் இன்னும் அதே நேர்ப்படம்தான். எந்தக் கம்ப்யூட்டரும் ஆளைச் சரித்துப் படுக்க வைக்காது.

தீர்ப்பு நாளன்று அவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான், "படம் இல்லாமப் போச்சுங்கய்யா" என்றேன்.

"படம் போனா என்னா தம்பி" என்று சட்டையைத் தூக்கி, நான் சொல்லாமலே இடது கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு லேசாகச் சரிந்து நின்றார். "கைய வையி. இங்க, கட்டியா இருக்குது பாரு. கோணலாத்தான் கூடியிருக்குது."

வைத்துப் பார்த்தேன். இருந்தது.