மேடானில் அத்தை வீடு

பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் ஏறியதும் அப்பா முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார். மலாக்கா நீரிணையின் அந்தக் கரையில், சுமத்ராவில், கடிகாரம் பினாங்கைவிட ஒரு மணி நேரம் பின்தங்கித்தான் ஓடும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அப்படிக் கிடைக்கும் கூடுதல் ஒரு மணி நேரமும் எங்களுக்குத்தான் என்று நானும் தம்பியும் குதிப்போம். தொண்ணூறுகளில் அந்தக் கப்பல் பெலாவான் துறைமுகத்தை அடைய ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பாட்டி சன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி கடலையே பார்த்துக்கொண்டு வருவார். மடியில் அத்தைக்கான மூட்டை இருக்கும்: மைலோ டின், வறுத்தரைத்த மிளகாய்த்தூள், வடகம், ஒரு சேலை. யார் கேட்டாலும் அதைக் கொடுக்க மாட்டார்.

பாட்டிக்கு அந்தக் கடல்மேல் ஒரு கோபம் இருந்தது. தாத்தாவின் தங்கை குடும்பம் போருக்கு முன்பே மேடானில் குடியேறியிருந்தது. 1963 முதல் 1966 வரை மலேசியாவோடு இந்தோனேசியா மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் போக்குவரத்து அறுந்து, அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போயிற்று. அறுந்ததைக் கட்ட வேண்டும் என்றுதான் தாத்தா சில ஆண்டுகள் கழித்து அத்தையை அங்கே கட்டிக்கொடுத்தார். “கப்பல் ஏத்தி அனுப்பிட்டாரு. அங்க என்னத்தத் திங்கிறாளோ” என்று பாட்டி அடிக்கடி சொல்வதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

பெலாவானில் இறங்கியதும் கிராம்பு மணக்கும் கிரெத்தேக் சிகரெட் புகை மூக்கில் ஏறும். எனக்கு இன்றைக்கும் இந்தோனேசியா என்றால் அந்த மணம்தான். அங்கிருந்து மேடான் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம். இன்று கம்போங் மெட்ராஸ் என்று அழைக்கப்படும் வட்டாரத்தில், 1884-இல் கட்டப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் அத்தை வீடு இருந்தது. டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்காகச் சாலை போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் வந்த தமிழர்களின் வழிவந்தவர் மாமா. அத்தையின் பிள்ளைகள் இந்தோனேசிய மொழியில் கேட்பார்கள். நாங்கள் மலாயில் பதில் சொல்வோம். பாட்டியிடம் மட்டும் அவர்கள் திக்கித் திக்கித் தமிழ் பேசுவார்கள். பாட்டி அவர்கள் தலையைத் தடவிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காலையில் பசியாற மாமா எங்களைச் சோத்தோ என்ற சூப் விற்கும் கடைக்கு அழைத்துப்போவார். மேடான் சோத்தோ தேங்காய்ப்பால் விட்டு மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். பொரித்த கோழியைப் பிய்த்துப் போட்டு, சோற்றோடு பெர்கெடெல் என்ற உருளைக்கிழங்கு உருண்டையும் வைப்பார்கள். பாடாங் சாப்பாட்டுக் கடைக்குப் போன நாளையும் மறக்க முடியாது. நாங்கள் எதுவும் கேட்காமலே பணியாள் ஒருவர் இடக்கை முழுக்கத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து மேசையை நிரப்பினார். பலாக்காய் குலாய், கோழி, பச்சைமிளகாய்ச் சம்பால், முட்டை, மீன். தொட்டதற்கு மட்டும்தான் காசு என்று மாமா சொன்னதும் அம்மா எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அத்தை மாட்டிறைச்சி ரெண்டாங் தட்டை மட்டும் சத்தமில்லாமல் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, “மத்ததெல்லாம் சாப்பிடுங்கடா, அத்தை இருக்கேன்” என்றார். அன்றைக்கு ஒரு மலேசிய வெள்ளிக்கு ஏறக்குறைய 900 ரூப்பியா. கட்டணச் சீட்டில் இருந்த பூஜ்யங்களைப் பார்த்து அப்பா ஒரு கணம் அரண்டுபோனது தெரிந்தது.

பொழுது சாயும் வேளையில் சந்து முனையிலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்கும். புட்டு பம்பு விற்பவர் வருகிறார் என்று அர்த்தம். சின்ன மூங்கில் குழலில் அரிசிமாவும் நடுவில் பனைவெல்லமும் வைத்து ஆவியில் நிறுத்துவார். அந்த ஆவிதான் ஒடுங்கிய துளை வழியாக விசிலடிக்கும். வெளியே தள்ளித் தேங்காய்ப்பூ தூவித் தரும் புட்டைக் கடித்தால் உருகிய வெல்லம் நாக்கைச் சுடும். ஆறும்வரை காத்திருக்க எங்களுக்குப் பொறுமை கிடையாது.

ஒருநாள் பெராஸ்தாகி மலைக்கும் போனோம். சிபாயாக், சினாபுங் என்ற இரண்டு எரிமலைகளுக்கு இடையே இருக்கும் ஊர். 2010-இல் வெடித்த சினாபுங் அப்போது சத்தமின்றி இருந்தது. சந்தையில் மார்க்கிசாப் பழத்தை உடைத்து உறிஞ்சினோம். வழியில் சுட்ட சோளம் வாங்கித் தின்றோம். ஆனால் அந்தப் பயணங்களில் எதை நினைத்தாலும் மனசு அத்தையின் அடுப்படிக்கே திரும்பிவிடுகிறது.

ஒருநாள் மதியச் சமையலுக்காக அத்தை மர உரலில் ஏதோ ஒரு தழையை இடித்துக்கொண்டிருந்தார். கூடவே சுண்டைக்காய், சின்ன வெங்காயம், லக்சாவில் போடும் புங்கா காந்தான் மொட்டு. எல்லாம் நசுங்கி ஒன்றாகும்போது எழுந்த வாசனையில் கூடத்தில் இருந்தவர்கள் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். இடித்ததைத் தேங்காய்ப்பாலில் நெடுநேரம் வேகவிட்டார். சரியாக வேகாவிட்டால் அந்தத் தழை ஆகாது என்றார். வெள்ளிக்கிழமை என்பதால் நெத்திலி சேர்க்கவில்லை. கரும்பச்சையாக, எண்ணெய் மினுங்க இறங்கியது குழம்பு.

பாட்டி சோற்றில் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டபின், “இது என்ன கீரைடி?” என்று கேட்டார்.

“மரவள்ளித் தளிரும்மா.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றியவர் பாட்டி. போர் முடிந்த பிறகு மரவள்ளி எங்கள் வீட்டு வாசல்படி ஏறியதே இல்லை. அண்டை வீட்டில் அவித்தால்கூடப் பாட்டி எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார்.

பாட்டியின் கை இலையில் நின்றது. பிறகு ஒரு சுண்டைக்காயை எடுத்து மென்றார். “யாரு சொல்லிக்கொடுத்தா?”

பக்கத்து வீட்டு மண்டாயிலிங் இனத்து அம்மாள்தான் என்றார் அத்தை. கல்யாணமாகி வந்த புதிதில் கடை தெரியாமல், மொழி தெரியாமல் அழுதுகொண்டிருந்தபோது வேலிக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினாராம். அதில் இருந்தது இதுதானாம். மூத்தவன் பிறந்தபோது நாற்பது நாளும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியதும் அவர்தான். “நீ வர முடியலையேம்மா” என்று மட்டும் அத்தை சொன்னார்.

பாட்டி இலையை முன்னால் நகர்த்தி, “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

அன்று சாயங்காலமே கடைவீதியில் இன்னொரு சேலை எடுக்கச் சொல்லி, அதைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொண்டு பாட்டி பக்கத்து வீட்டுக்குப் போனார். தனக்குத் தெரிந்த சந்தை மலாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் கொடுத்த பீக்கா அம்போன் பெட்டி கையில் இருந்தது. தேன்கூட்டைப்போல உள்ளெல்லாம் துளை விழுந்த மஞ்சள் கேக் அது. அதை ஊருக்குக் கொண்டுபோக விடாமல் நாங்களே அன்றிரவு தீர்த்தோம்.

பினாங்கு திரும்பியதும் பாட்டி எங்கிருந்தோ மரவள்ளிக் குச்சிகள் வாங்கிவந்து கொல்லையில் ஊன்றினார். தளிர்விட்டதும் அம்மாவை உட்காரவைத்து அத்தை சொன்ன முறையிலேயே இடிக்கச் சொன்னார். கிழங்கு மட்டும் கடைசிவரை எங்கள் அடுப்படிக்குள் வரவில்லை. தோண்டியதை அப்படியே அண்டை வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்.