நூறு தர நாற்பத்திரண்டு

அந்தக் கொம்பியூட்டர் எங்கள் மூவருக்கும் சொந்தம் என்றுதான் கதை. உண்மையில் பாதிக் காசு, அம்மா கட்டின சீட்டுக் காசு. ஆகவே அதை எரித்துவிட்டு வீட்டுக்குள் போக முடியாது.

உள்ளே இருந்தது பென்டியம் ஜி3258. பென்டியம் என்ற பெயரின் இருபதாண்டு நினைவாக 2014 இல் இன்டெல் வெளியிட்ட மலிவுச் சிப். இரண்டே கோர், 3.2 கிகாஹேர்ட்ஸ். ஆனால் பெருக்கியைப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். அடிப்படை வேகம் 100 மெகாஹேர்ட்ஸ். அதை 32 ஆல் பெருக்கினால் 3.2. முப்பத்திரண்டை நாற்பத்திரண்டாக்கினால்? காசு குடுக்காமல் ஆயிரம் மெகாஹேர்ட்ஸ்! எங்கட குறும்படத்தை ரெண்டர் பண்ண 58 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் திரும்ப 58.

சிக்கல் போர்டில். எங்களிடம் இருந்தது எச்81, இருப்பதிலேயே மலிவானது. பயோஸைப் புதுப்பித்தால்தான் பெருக்கியில் கை வைக்கலாம். புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்ட் செத்த மாதிரித்தான். எங்கட ஊர்க் கரண்டை நம்பி யார் அதைச் செய்வான்? பக்கத்து வீட்டு அண்ணாவிடம் யூபிஎஸ் இரவல் வாங்கினோம். அந்த மூன்று நிமிடமும் ஒருத்தரும் கதைக்கவில்லை.

பேராசைதான், நேரே 4.4 க்குப் போனோம். வோல்டேஜை 1.05 இலிருந்து 1.30 ஆக்கினோம். வேகம் கூடினால் வெப்பம் அதே அளவில்தான் கூடும். வோல்டேஜ் அப்படியில்லை, அதன் வர்க்கத்தின்படி கூட்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கை நீலத் திரை வந்த பிறகுதான் போட்டுப் பார்த்தோம், அது வேறு விசயம். சிப்பை விடப் பயமுறுத்தியது அதன் பக்கத்தில் மின்சாரத்தைச் சீராக்கிக் குடுக்கும் குட்டி மொஸ்ஃபெட்டுகள். விலை கூடின போர்டில் அவற்றுக்கு மேல் அலுமினியக் கட்டி இருக்கும். எங்கட போர்டில் மொட்டையாக நின்றன. கிட்டக் கை கொண்டுபோகவே சூடு அடித்தது.

"டேய், நிப்பாட்டு. அம்மாட காசு."

நிப்பாட்டினோம். அடுத்த நாள் 4.0 இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணித்தியாலம் சோதித்து, 4.2 இல், 1.20 வோல்ட்டில் நின்றோம். ரெண்டர் 45 நிமிடத்துக்கு இறங்கியது. இதனால் எல்லாம் கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். ஃபார் க்ரை 4 நான்கு த்ரெட் இல்லாத சிப்பில் தொடங்கவே மாட்டேன் என்றது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் இரண்டு கோர் இரண்டு கோர்தான்.

மொஸ்ஃபெட் சூட்டுக்குப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, வீட்டு மேசை ஃபானை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். படத்தின் கடைசி ரெண்டர் ஓடின இரவு அம்மா வந்து வாசலில் நின்று பார்த்தா.

"எங்களுக்கு இங்க வேர்த்து ஊத்துது. அதுக்குக் காத்தோ?"

இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. விசிறிமட்டை ஒன்றை எடுத்து, ஆள் மாறி ஆள் அம்மாவுக்கு விசுக்கினோம்.