யார் சாவுக்கு யார் பாட்டு

எங்கள் பக்கத்தில் ஒரு சாவுக்கு மேளம் சொல்வது சம்பந்தி வீட்டாரா, பங்காளிகளா என்று சண்டை வரும். செத்தவரைக் கேட்கும் வழக்கம் இல்லை. அதனால்தான் இசையமைப்பாளர் ஷோபானைப் பற்றிப் படித்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. தன் அடக்கத்தன்று மொசார்ட்டின் ரெக்வியம், அதாவது இறந்தவருக்கான பூசை இசை, பாடப்பட வேண்டும் என்று அவர் சொல்லிவைத்தாராம்.

மொசார்ட் எதற்கு? உலகம் சாவுக்கு வாசிப்பதே ஷோபானைத்தானே! கார்ட்டூனில் பூனை கூரையிலிருந்து விழுந்தாலும் அதே டம், டம், டடம். 1963-இல் கென்னடியின் இறுதி ஊர்வலத்திலும் அதுதான். சொந்தக் கடையில் சரக்கு இருக்க, மனுஷன் ஏன் அடுத்த கடைக்குப் போனார்? தேட ஆரம்பித்தேன்.

அந்த டம், டம் சாவு நடையிசையை ஷோபான் எழுதியது 1837 வாக்கில். பிறகு அதைத் தன் இரண்டாவது பியானோ சொனாட்டாவில் சேர்த்து 1840-இல் வெளியிட்டார். தனக்கு அதை வாசிக்கச் சொன்னதாக நான் எங்கும் பார்க்கவில்லை. சாகும்முன் அவர் கவலையெல்லாம் வேறு. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் உடலை அறுத்துப் பார்க்கச் சொன்னார். இதயத்தை அக்கா லுத்விகா வார்சாவுக்கு எடுத்துப் போனார். அங்கே திருச்சிலுவை ஆலயத்தின் தூண் ஒன்றுக்குள் அது இருக்கிறது. படுக்கையருகே தோழி டெல்ஃபினா பொடோக்கா பாடியிருக்கிறார். என்ன பாடினார் என்று கேட்டால், சாட்சி சொல்பவர்கள் ஆளுக்கொரு பாட்டைச் சொல்கிறார்கள். அறையில் நடந்ததற்கே இந்தக் கதி!

1849 அக்டோபர் 17-இல் உயிர் போனது. பாரிஸின் மதலேன் ஆலயத்தில் அடக்கச் சடங்கு நடந்ததோ அக்டோபர் 30-இல். தாமதத்துக்கு அந்த ரெக்வியமே ஒரு காரணம். அதில் பெண் குரல்கள் உண்டு. அந்த ஆலயத்திலோ அப்போது பெண்கள் பாட அனுமதி இல்லை. பேசிப் பேசி ஒரு வழி கண்டார்கள். போலின் வியார்தோ போன்ற பெரும் பாடகிகள் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டியதாயிற்று. கட்டைக் குரலில் பாடிய லூயிஜி லப்லாஷ், 1827-இல் பேத்தோவன் இறந்தபோது வியன்னாவில் இதே ரெக்வியத்தைப் பாடியவர். இசைக்காரர்கள் செத்தால் இதைப் பாடுவது அதற்குள் ஒரு முறையாகவே ஆகியிருந்தது. 1809-இல் ஹைடனுக்கும் பாடினார்கள். ஷோபான் கடை மாறிப் போகவில்லை, ஊர் முறையைத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அவர் கேட்காததும் நடந்தது. அவருடைய நடையிசையை ரெபேர் என்பவர் வாத்தியக் குழுவுக்கு ஏற்ப அமைத்துத் தர, அதையும் வாசித்தார்கள். உலகம் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

இதோடு விட்டிருக்கலாம். அந்த ரெக்வியம் முதலில் யாருக்காக என்றொரு கேள்வி பாக்கி இருந்தது. வால்செக் என்றொரு ஆஸ்திரியப் பிரபு. அவர் மனைவி அன்னா 1791 பிப்ரவரி 14-இல் இறந்தாள், வயது 20. அவள் நினைவு நாளுக்காக, தன் பெயர் வெளியே தெரியாமல் ஆள் அனுப்பி மொசார்ட்டிடம் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தார். காசு கொடுத்து வாங்கும் இசையைத் தன் கைப்பட நகலெடுத்துத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வது பிரபுவின் பொழுதுபோக்கு. துக்கம் உண்மைதான், பாட்டுதான் இரவல். மொசார்ட் முடிக்குமுன்னே டிசம்பர் 5-இல் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தெரிந்த இளைஞர் சூஸ்மையர் மிச்சத்தை எழுதி முடித்துக் கொடுத்தார்.

அன்னாவின் நினைவு நாளில் அது பாடப்பட்டது 1794 பிப்ரவரி 14-இல், மரியா ஷுட்ஸ் என்ற ஊரின் கோயிலில். அதன் ஒரு பகுதியை 1791 டிசம்பர் 10-ஆம் தேதியே, வியன்னாவின் மிக்கேல் ஆலயத்தில், மொசார்ட்டுக்குப் பாடி முடித்துவிட்டார்கள்.