உயிருக்கு ஈடு

பாரிஸ்



இங்குள்ள லா ஷப்பேல் கடைவீதியில் புதுச்சேரிக்காரர் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடலூர் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நிகழ்ந்த ஒரு விபத்தில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அண்மையில் அவ்விதம் வந்த செய்தி என் சிற்றப்பா மகளின் கணவரைப் பற்றியது. முப்பத்தெட்டு வயதுக் கொத்தனார். சைக்கிளில் வேலைக்குப் போனவரை லாரி மோதிவிட்டது. பிணவறை வாசலிலேயே, பிரக்ஞையற்றவள்போல் அமர்ந்திருந்த அவளிடம், "ஐந்து லட்சத்தில் ராஜியாக முடித்துத் தருகிறோம் அம்மா, நாலில் ஒரு பங்கு எங்களுக்கு" என்று நயமாகப் பேசிய தரகர் ஒருவர், பூர்த்தி செய்யாத வக்காலத்திலும் வெற்று முத்திரைத்தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாராம்.

வழக்கின் பலனில் பங்கு பேசுவதை வக்கீல்களுக்கே இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுத்திருக்க, தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்தில் வாதாடக்கூடாதென்று 1873-இல் தடுக்கப்பட்டபோது பாரிஸ் மேல்நீதிமன்றம் வரை போராடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் ஊரல்லவா புதுச்சேரி!

பிறருக்குத் தீங்கிழைத்தவனே அதனை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்னும் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் அந்நாளைய 1382-ஆம் பிரிவு, 1819-இலேயே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அச்சட்டம் பிறந்த இந்நாட்டிலோ, 1985 ஜூலை 5-ஆம் தேதியிட்ட சட்டத்தின்படி, சைக்கிளில் சென்றவர்மீது சிறிது தவறிருப்பினும் அதைக் காட்டி உடற்சேதத்துக்கும் உயிர்ச்சேதத்துக்குமான ஈட்டைக் குறைக்க முடியாது; காப்பீட்டு நிறுவனம் எட்டு மாதத்துக்குள் தானாகவே தொகை கூறியாக வேண்டும். நம் நாட்டில், எதிரி வண்டியை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டினார் என்பதைக் குடும்பத்தார்தாம் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

நிரூபித்தால் கிடைப்பதென்ன? தரகர் சொன்ன ஐந்து லட்சம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு எவருடைய குற்றத்தையும் ஆராயாமல் மரணத்துக்குக் கொடுக்கும் நிர்ணயத் தொகை. அதை ராஜியாக ஏற்றுக்கொண்டால், எதிரியின் குற்றத்தை நிரூபித்து முழு ஈடு கோரும் 166-ஆம் பிரிவின் வழக்கு மடிந்துபோகும். அவ்வழக்கில் கொத்தனாருடைய மாத வருமானம் இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளி என்பதால் எதிர்கால உயர்வுக்கு நாற்பது சதவீதம் கூட்ட, இருபத்தெட்டாயிரம். மனைவி, இரு குழந்தைகள், தாய் என்று நால்வர் அண்டியிருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழிக்க, இருபத்தோராயிரம். ஆண்டுக்கு 2,52,000, அவர் வயதுக்குரிய பெருக்கு எண் பதினைந்து, ஆக 37,80,000 ரூபாய். இது என் கற்பனைக் கணக்கன்று. உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறை. ஆனால், துணையை இழந்த துயரத்துக்கென்று 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிர்ணயித்த தொகை நாற்பதாயிரந்தான். மூன்றாண்டுக்கொருமுறை பத்து சதவீதம் கூடுமெனினும், அது அற்பமென்றே எனக்குத் தோன்றுகிறது.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புதுச்சேரியில் சட்டப் பணிகள் ஆணையமும் இயங்குகிறது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் ஊரிலும் வழக்குத் தொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சம்பளத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய மேஸ்திரி: இவையே முதலில் தேடவேண்டியவை.

வழக்குத் தொடுப்பதற்கான ஆறு மாத வரம்பு 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்திருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், அதை நம்பிக் காலந்தாழ்த்த வேண்டாம். தங்கைக்கும் இதையே எழுதியிருக்கிறேன்: கொடுத்த வக்காலத்தை எழுத்து மூலம் ரத்துசெய்துவிட்டு, இந்த வாரமே ஆணையத்துக்குப் போ.