பௌத்த காஞ்சியைத் தேடி

சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என இரண்டும் கோபுரங்களோடு பொலிய, வேகவதிக் கரைத் திருப்பருத்திக்குன்றத்தில் ஜினகாஞ்சியும் இன்றளவும் பூஜை குன்றாமல் விளங்க, பௌத்த காஞ்சி ஒன்றை மட்டும் யாராலும் காட்ட முடியாதிருப்பதை எண்ணிக்கொண்டே, தறியோசை ஓயாத பிள்ளையார்பாளையத்துத் தெருக்களைக் கடந்து நான் கைலாசநாதர் கோயிலை அடைந்தேன்.

கி.பி. 640ஐ ஒட்டி இந்நகரத்தைப் பற்றி எழுதிய சீன யாத்ரிகர் யுவான் சுவாங், ஸ்தவிர நெறியைப் பயின்ற 10,000 பிக்ஷுக்களையும், 100க்கு மேற்பட்ட சங்காராமங்களையும், நகரின் தெற்கே அசோகன் எடுப்பித்ததாகச் சொல்லப்பட்ட நூறடி ஸ்தூபத்தையும் குறித்திருக்கிறார். நாலந்தாவின் ஆசாரியர் தர்மபாலர் பிறந்த ஊரும் இதுவே என்கிறார். இவ்வளவும் எங்கே போயின?

சமயப் பூசலின் மேல் பழியைச் சுமத்துவது எளிது. அதில் ஓரளவு உண்மையும் இருக்கக்கூடும். ஆயினும் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த பல்லவ மன்னன் ராஜசிம்மனின் மணற்கல் விமானத்தின் முன் நின்றபோது வேறொரு காரணமே என் மனத்தில் வலுப்பெற்றது. அவனுக்கு முந்திய மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் சமைத்ததை மண்டகப்பட்டில் பெருமிதத்தோடு பொறித்துவைத்தான். அதுவரை ஆலயங்கள் எவற்றால் எழுந்தன என்பதற்கு அந்தச் சாசனமே சாக்ஷி. அம்மன்னனே இயற்றிய மத்தவிலாச பிரஹசனத்தில், வணிகன் வீட்டில் பிக்ஷை பெற்று ராஜவிஹாரத்துக்குத் திரும்பும் பிக்ஷு ஒருவர் வருகிறார். பெயரைச் சொன்னதும் சபையோர் அறிந்துகொள்ளும் மடமாக அது இருந்திருக்க வேண்டும். கல்லுக்கு மாறிய கோயில்கள் மழையையும் காலத்தையும் வென்று நிற்க, செங்கல்லும் மரமுமாய் நின்ற விஹாரங்கள், ஆதரித்த கைகள் ஓய்ந்ததும் மண்ணோடு கலந்தன என்பது என் அனுமானம்.

மூர்த்திகள் கல்லாதலால் எஞ்சின. டி. ஏ. கோபிநாத ராவ் இவ்வூரில் கண்டறிந்த புத்த பிம்பங்களைப் பற்றி 1915ல் எழுதினார். அவற்றுள் காமாக்ஷி அம்மன் கோயில் உட்பிராகாரத்தில் இருந்த, ஆளுயரத்தை மிஞ்சிய நின்ற திருக்கோலத்தை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தரிசிக்கலாம்.

பல்லவரோடு காஞ்சியில் பௌத்தம் முடிந்தது என்று கருதுவோருக்குக் கடல் கடந்து ஒரு மறுப்பு உண்டு. 1365ல் ஜாவாவில் பிரபஞ்சர் பாடிய நகரகிருதாகமம், காஞ்சியின் ஷட்விஹாரத்தைச் சேர்ந்த புத்தாதித்யர் என்னும் பிக்ஷு, மஜபாஹித் மன்னன் ஹயாம் வூருக்கைப் புகழ்ந்து நூல் செய்ததைக் கூறுகிறது. யுவான் சுவாங்குக்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் விஹாரப் பெயரோடு அறியப்பட்ட துறவி ஒருவர் இருந்தார் எனில், காஞ்சியில் அகழ்வோர் பல்லவ காலத்து அடுக்குகளோடு நில்லாமல், சோழர் காலத்துக்கும் பிற்பட்ட அடுக்குகளிலும் அவர் மடத்தைத் தேட வேண்டும்.